நாக்கில் வைத்துப் பார்த்த துறட்டிக் கம்பு

போன மாதம் பெரிய முதலியார்சாவடியில் வீட்டுத் தோட்டம் போடுகிறவர்கள் கூட்டம் ஒன்றுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். வீட்டு மரங்களைக் கவாத்துச் செய்யச் சரியான கருவி எது என்று பதினைந்து நிமிஷம் பேச வேண்டும். என் முறை வருவதற்கு முன்னாலேயே உட்கார வைத்துவிட்டார்கள். சத்தம் போட்டேனாம். போட்டேன். இல்லை என்று சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துக் கூட்டத்தை நடத்தியவரே போன் செய்தார். "ஐயா, நீங்க சொல்ல வந்தத எழுதிக் குடுங்க, நம்ம மலர்ல போட்டுடலாம்" என்றார். எழுத்தில் சத்தம் கேட்காது என்று நினைத்தார் போலிருக்கிறது. நான் ஐந்தாவதோடு சரி. பிழை இருந்தால் அவர் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

அன்றைக்கு நடந்தது இதுதான். எனக்கு முன்னால் ஒரு கடைக்காரத் தம்பி பேசினான். கல்யாணச் சீர்வரிசை மாதிரி மேசை நிறையக் கருவிகளைப் பரப்பி வைத்திருந்தான். சிவப்புக் கைப்பிடி, பச்சைக் கைப்பிடி, பேட்டரி ரம்பம், மடக்கு ரம்பம். கடைசியில் மஞ்சள் நிறத்தில் ஒரு நீளமான பைபர் கம்பைத் தூக்கினான். நுனியில் ரம்பம் மாட்டியிருந்தது.

"இதுல கரண்ட் ஏறாதுங்க. வயர் பக்கத்துல இருக்கற கிளையக்கூட வீட்டுக்காரங்களே தைரியமா எடுத்துடலாம்."

எதிரில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் நோட்டில் எழுதிக்கொண்டார். நான் எழுந்து நின்றேன்.

"எங்க வெச்சிருந்தா ஏறாது?"

"எங்க வெச்சிருந்தாலும் ஏறாதுங்க பெரியவரே. பைபர்."

"ஒரு மாசம் கடலோரத்துல மொட்ட மாடியில போட்டு வெச்சிரு. மார்கழிக் காலையில பனியோட எடுத்தாந்து வயர்ல வெச்சுக் காட்டு. நான் ஒனக்கு மால வாங்கியாந்து போடறேன். கழுத்துலயா, போட்டோலயான்னு உங்க வீட்ல கேட்டுக்க."

"கம்பெனில டெஸ்ட் பண்ணி சர்ட்டிபிகேட் குடுத்திருக்காங்க."

"எந்த ஊர்ல டெஸ்ட் பண்ணான்? இந்த உப்புக் காத்துலயா?"

அந்த இடத்தில்தான் இரண்டு பேர் என் தோளைப் பிடித்து நாற்காலியில் அமுக்கினார்கள். எனக்கு எழுபத்தொரு வயது. அமுக்கினால் உட்கார்ந்துவிடும் வயது. ஆனால் ஆத்திரம் உட்காரவில்லை. ஏனென்றால் அந்தத் தம்பி பேசின பேச்சை நானே ஒரு காலத்தில் பேசியிருக்கிறேன். அதே வார்த்தை. பைபருக்குப் பதில் மூங்கில், அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் யார் என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரினவர்கள் என் அப்பாவும் அம்மாவும். எனக்கும் உப்பு இழுக்கிற அதே பலகையும் அதே வெயிலும்தான் என்று இருந்தது. நான் மாற்றிக்கொண்டேன். எவனும் கையைப் பிடித்துத் தூக்கிவிடவில்லை. பதினேழு வயதில் கிளியனூரில் ஒரு நர்சரியில் மண் சுமக்கப் போனவன், ஏழு வருஷத்தில் கவாத்துக்காரனாக வெளியே வந்தேன். அதற்குப் பிறகு நாற்பது வருஷத்துக்கு மேல் மரக்காணத்திலிருந்து கோட்டக்குப்பம் வரை என் ரம்பம் போகாத பங்களா கிடையாது. இரும்பை என்கிற ஊர்ப் பக்கம் வெள்ளைக்காரர்கள் வீட்டில்கூட "ஏழுமலை வரட்டும்" என்று மரத்தைத் தொடாமல் காத்திருப்பார்கள். நான் வெட்டின மரத்தில் வெட்டின இடம் அழுகினதாக ஒருவன் சொல்லட்டும், பார்க்கலாம்.

அந்த ஏழு வருஷத்தில் கற்றதெல்லாம் ஒரே ஒரு ஆளிடம். கோவிந்தசாமி மேஸ்திரி. ஒல்லியான மனுஷன். மண் வேலைக்கு வந்தாலும் சட்டை இஸ்திரி கலையாது. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. காலையில் கவிழ்த்துப் போட்ட சிமெண்டுத் தொட்டிமேல் உட்காருவார். பக்கத்தில் தண்ணீரில் நனைத்த பழைய பேப்பர். ஒவ்வொருவனும் தன் கத்தரியை எடுத்துக்கொண்டு போய் அந்த ஈரப் பேப்பரை அவர் எதிரில் வெட்டிக் காட்ட வேண்டும். அடியிலிருந்து நுனி வரை ஒரே வெட்டு. பேப்பர் மடங்கி இரண்டு அலகுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் அன்றைக்கு வேலைக்குப் போக முடியாது. உட்கார்ந்து தீட்ட வேண்டும்.

தப்புச் செய்தவனைத் திட்ட மாட்டார். கருவியிடம் பேசுவார். கத்தரியைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு, "ஏம்மா, ராத்திரி எங்க படுத்திருந்த? ஈர மண்ணுலயா? உன்ன இவன்கிட்ட குடுத்தது என் தப்புதாம்மா" என்பார். பக்கத்தில் நிற்கிறவனுக்குச் செத்துவிடலாம் போலிருக்கும். மற்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு மரத்தைப் பார்ப்பார்கள். நாளைக்கு நம்ம கத்தரியிடம் பேசுவாரே என்ற பயம் எல்லாருக்கும் உண்டு.

மரத்தடிக்குப் போனதும் எவனும் கருவியை எடுக்கக் கூடாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மரத்தை ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். "கீழ இன்னா இருக்குது?" என்று கேட்பார். கொடிக்கம்பி, கிணறு, கட்டியிருக்கிற மாடு, எல்லாம் சொல்ல வேண்டும். "மேல இன்னா இருக்குது?" என்பார். காய்ந்த கிளை, தேன்கூடு, வயர். வயரைச் சொல்லாமல் விட்டவனை ஒரு வார்த்தை பேசாமல் பஸ் ஏற்றி அனுப்பிவிடுவார். "வயர் இருந்தா அது நம்ம மரம் இல்ல. லைன நிறுத்தினப்புறம்தான் நம்ம மரம்." இதை நான் ஆயிரம் தடவை கேட்டிருப்பேன்.

கருவி எது வாங்குவது என்று கேட்டவர்களுக்கு இதோ சொல்கிறேன். நாலு மரம் இருக்கிற வீட்டுக்கு மேசை நிறையக் கருவி எதற்கு? ஒரு கவாத்துக் கத்தரி, ஒரு வளைந்த கை ரம்பம், நீளக் கைப்பிடி வைத்த பெரிய கத்தரி ஒன்று. மூன்று போதும். கத்தரியில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்றில் வெட்டும் அலகு, கொக்கி போன்ற கீழ் அலகை உரசிக்கொண்டு தாண்டிப் போகும். இன்னொன்றில் அலகு ஒரு தட்டையான பட்டைமேல் வந்து உட்காரும். இந்த இரண்டாவது, காய்ந்த குச்சிக்கு மட்டும். பச்சைக் கிளையில் வைத்தால் தோலை நசுக்கிவிடும். கடையில் பாதிப் பேர் அதைத்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள், விலை குறைவு என்று. செம்பருத்திக்கும் ரோஜாவுக்கும் அதை வைத்து நசுக்கிவிட்டு, செடி காய்கிறது என்று மருந்துக் கடைக்குப் போகிறார்கள்.

விரல் பருமன் வரை கைக் கத்தரி. அதற்கு மேல் இரண்டு விரல் பருமன் வரை நீளக் கைப்பிடி. அதற்கும் மேலே போனால் ரம்பம். கத்தரியைப் பிடித்து இரண்டு கையாலும் முறுக்குகிறவனைப் பார்த்தால் எனக்கு அறையத் தோன்றும். ரம்பம் இழுக்கும்போது வெட்டுகிற பல்லாக இருக்க வேண்டும்; தள்ளும்போது வெட்டுகிற தச்சு ரம்பம் மரத்தின் மேல் ஆகாது. கிளை கனமாக இருந்தால் முதலில் மரத்திலிருந்து இரண்டு சாண் தள்ளிக் கிளையின் அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்துவிட்டு, பிறகு இன்னும் கொஞ்சம் தள்ளி மேலிருந்து அறுத்துக் கீழே விட வேண்டும். மிச்சம் நிற்கிற முளையைக் கடைசியில் எடுக்க வேண்டும். கிளை மரத்தோடு சேருகிற இடத்தில் கழுத்துப்பட்டை மாதிரி ஒரு வீக்கம் இருக்கும். அதை விட்டு வெளியே வெட்டு. அந்தப் பட்டைதான் புண்ணை மூடப் போகிறது. அதையும் சேர்த்து மட்டமாக வழித்து எடுத்துவிட்டு, பெயிண்டு அடிக்கிறான் சில அறிவாளி. முகத்தில் வெட்டிவிட்டுப் பவுடர் போடுகிற மாதிரி.

நம்ம பக்கத்துக்கு இன்னொன்று உண்டு. இங்கே காற்றிலேயே உப்பு. வேலை முடிந்ததும் கருவியை நல்ல தண்ணீரில் துடைத்து, காயவைத்து, எண்ணெய் போட்டு, துணியில் சுற்றி வீட்டுக்குள் வைக்க வேண்டும். இரும்புக்கு உப்பு ஆகாது என்று உப்பளத்தில் பிறந்த எனக்கு எவனும் சொல்லித்தரத் தேவையில்லை. என் கத்தரியில் ஒரு பொட்டுத் துரு பார்க்க முடியாது. அந்தத் திமிர்தான் எனக்கு வினையாக வந்தது. உப்பு இரும்பை மட்டும்தான் தின்னும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சேகர் என் தங்கை வளர்மதியின் வீட்டுக்காரன். பதினைந்து வருஷம் என்னோடு சேர்ந்து வேலை செய்தவன். மரத்தில் என்னைவிட நிதானம். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் உண்மை. ஒரு காலத்தில் குடித்தான். பெண் குழந்தை பிறந்த அன்றைக்கு, அந்தக் குழந்தை தலைமேல் கை வைத்து வளர்மதியிடம் சத்தியம் செய்தான். அதோடு விட்டான். நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

மரக்காணத்தில் ஒரு உப்பள முதலாளி வீடு. தெருக் கடைசி, அதற்கப்புறம் உப்புப் பாத்திகள்தான். வாசலில் பெரிய வேப்பமரம். அதன் கிளை ஒன்று மின்சார வயர்மேல் சாய்ந்திருந்தது. மறுநாள் அவர் மகளுக்கு வளைகாப்பு. பந்தல்காரன் கம்போடு வந்து நிற்கிறான். தை மாதம், ஏழு மணி இருக்கும், நல்ல பனி. முதலாளி வீட்டு அம்மா எங்கள் இரண்டு பேருக்கும் காபி கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு நான் முதலாளியிடம் சொன்னேன்.

"லைன நிறுத்தச் சொல்லுங்க மொதலாளி."

"அதுக்கு எழுதிக் குடுக்கணும், ஆள் வரணும், மத்தியானம் ஆயிடும்பா. பந்தக்காரன் நிக்கறான் பாரு. எல்லாரும் ஏழுமல ஏழுமலன்றாங்களே, இத்தன பெரிய கைக்கு இந்த ஒரு கிள பெரிசா?"

சேகர் என்னைப் பார்த்தான். "வேணாம் மச்சான். நிறுத்திட்டே பண்ணலாம்."

பெரிய கை என்று சொல்லிவிட்டாரே. தலை வீங்கிப் போச்சு. என் துறட்டிக் கம்பை எடுத்துத் தட்டிக் காட்டினேன். நானே வெட்டி, நெருப்பில் வாட்டி நிமிர்த்தின மூங்கில். நுனியில் கொல்லனிடம் சொல்லிச் செய்த கொக்கி அரிவாள். "மூங்கில்தானே மாப்ள. கரண்ட் ஏறாது."

சொன்னவன் நான். வேறு யாரும் இல்லை.

நான் கிளையில் கயிறு கட்டி அந்தப் பக்கம் இழுத்துப் பிடித்தேன். சேகர் மதில் ஓரமாக ஏணி வைத்து ஏறி, துறட்டியால் வயர்மேல் கிடந்த சிறு கொத்துகளை அறுத்து இழுத்தான். நாலைந்து கொத்து வந்துவிட்டது. அப்புறம் அரிவாள் வழுக்கிக் கம்பியில் உட்கார்ந்தது. பெரிய சத்தம், பொறி என்று ஒன்றும் இல்லை. விக்கல் மாதிரி ஒரு சத்தம் அவனிடமிருந்து வந்தது. கம்பு கீழே விழுந்தது. அவன் பின்னால் சாய்ந்து, விழும்போது வலது கையால் மதிலின் தலையைப் பிடித்தான். திருடன் ஏறாமல் இருக்கக் கண்ணாடிச் சில்லு பதித்த மதில். அவன் முழு பாரமும் அந்தக் கையில் தொங்கிவிட்டுத்தான் கீழே வந்தது.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் தைத்தார்கள். உள்ளங்கையில் நரம்பு அறுந்துவிட்டது, மூன்று விரல் இனிமேல் மடங்காது என்றார் டாக்டர். உடம்பில் கரண்ட் பட்ட அடையாளம் எதுவும் இல்லை. சேகர் என்னிடம் சொன்னான், "ஷாக் அடிச்சுது மச்சான். கை வுட மாட்டேன்னுது."

சாயந்திரம் முதலாளி ஆப்பிள் பையோடு வந்தார். வராந்தாவில் வளர்மதியிடம், நான் பக்கத்தில் நிற்கும்போதே சொன்னார். "உன் வூட்டுக்காரன் காலையிலயே தண்ணி போட்டுட்டு வந்திருக்கான்மா. ஏணியில நிக்க முடியல, வுழுந்துட்டான். ஷாக்குன்னு கத வுடறான். மூங்கில்ல எங்கனா கரண்ட் ஏறுமா? உங்க அண்ணன் இதோ நிக்கறாரு. இந்தத் தொழில்ல பெரிய ஆளு. கேட்டுப் பாரு."

வளர்மதி என் பக்கம் திரும்பினாள்.

"மூங்கில்ல கரண்ட் ஏறுமாண்ணா?"

"ஏறாது" என்றேன்.

ஒரு வார்த்தைதான். எனக்குத் தெரிந்த தொழில் உண்மையைச் சொன்னதாகத்தான் நினைத்தேன். முப்பது வருஷமாகத் தெரிந்தது. என் கம்பு தப்புச் செய்யாது. அப்படியென்றால் சேகர்தான் பொய் சொல்கிறான். நானே அப்படி நம்பினேன். வளர்மதி டிபன் கேரியரைத் தரையில் வைத்துவிட்டுப் படிக்கட்டில் போய் உட்கார்ந்தாள். அதற்கப்புறம் இரண்டு நாள் வார்டுக்குள் அவள் போகவில்லை. உள்ளே சேகர், "வளரு எங்க மச்சான், புள்ளக்கி ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். நான் சுவரைப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் காலை கோவிந்தசாமி மேஸ்திரி என் வீட்டு வாசலில் நின்றார். நான் அவரை விட்டு வந்து எத்தனையோ வருஷம். விஷயம் கேள்விப்பட்டு கிளியனூரிலிருந்து பஸ் மாறி வந்திருந்தார். அதே இஸ்திரிச் சட்டை. தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை.

"எங்க அந்தக் கம்பு?"

கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கிக் குறுக்கே மடியில் போட்டுக்கொண்டார். கணு கணுவாகத் தடவிப் பார்த்தார். மோந்து பார்த்தார். அப்புறம் ஒரு காரியம் செய்தார். குனிந்து, கம்பின் நடுவில் நாக்கை வைத்தார். துப்பிவிட்டு என் பக்கம் நீட்டினார்.

"நீயும் வெச்சுப் பாரு."

வைத்தேன். உப்பு. வாய் முழுக்க உப்பு.

"எங்க வெச்சிருந்த இத?"

அப்பா காலத்து உப்புக் கொட்டகையின் பரண். அவ்வளவு நீளக் கம்பை வளையாமல் படுக்க வைக்க அந்த இடம்தான் தோது. கீழே உப்பு மூட்டை, மேலே கம்பு. இரண்டு வருஷம் அங்கேதான் கிடந்தது. கத்தரியைத் துணியில் சுற்றி வைத்தவன், ரம்பத்துக்கு எண்ணெய் போட்டவன், கம்பை உப்பின் மேல் படுக்க வைத்தேன். கம்புதானே என்று. உப்பளத்துக்காரனைத் தவிர வேறு எவனும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டான். எங்களுக்கு உப்பு கண்ணில் படாது.

மேஸ்திரி கம்பிடம்தான் பேசினார். "ஏம்மா, ரெண்டு வருஷமா உப்பு குடிச்சிருக்கியே. உப்பு பனிய இழுக்குமே, உள்ள பூரா ஊறியிருப்பியே. அப்புறம் நீ மூங்கிலா இன்னா? ஈர வயரு." பிறகு என் முகத்தைப் பார்த்தார். ஏழு வருஷத்தில் ஒரு தடவைகூட அப்படி நேராகப் பார்த்துத் திட்டினதில்லை. "காஞ்ச கம்பா இருந்தாலும் வயர் பக்கம் போவாதன்னு சொன்னனா இல்லியாடா?"

"சொன்னீங்க."

"அவன் குடிச்சிருந்தானா?"

"தெரியல மேஸ்திரி."

"இப்பவுமா தெரியல?"

என் ரம்பத்தையே கேட்டு வாங்கி, கம்பின் நடுவில் ஒரு சாண் துண்டு அறுத்து என் கையில் வைத்தார். அடுத்த பஸ்ஸில் போய்விட்டார்.

அந்தத் துண்டை ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் வளர்மதியிடம் கொடுத்தேன். "நாக்குல வெச்சுப் பாரும்மா. கரண்ட் ஏறியிருக்குது. தப்பு என்னுது." அவள் வைத்துப் பார்த்தாள். முகத்தைச் சுளிக்கவில்லை. எழுந்து நேராக வார்டுக்குள் போனாள். என்னைத் திட்டுவாள் என்று ஒரு மாதம் காத்திருந்தேன். ஒருநாள் சோறு போடும்போது சொன்னாள். "அந்த ஆளு சொன்னத நான் நம்பலண்ணா. நீ சொன்னத நம்பினேன்." அவ்வளவுதான். இதற்கு மேல் எவனாலும் திட்ட முடியாது.

முதலாளியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "மச்சானக் காப்பாத்தப் பேசற, பேசு" என்று சிரித்தார். லைனை நிறுத்தாமல் வேலை வாங்கினது வெளியே வரக் கூடாதே. அவர் சொன்ன கதைதான் ஊரில் நின்றது. டீக்கடையில் அவனுக்கு 'குவார்ட்டர் சேகர்' என்று பேரே வைத்துவிட்டார்கள். குடித்துவிட்டு மரம் ஏறுகிறவனை எவன் வீட்டுக்குள் விடுவான்? நான் கூட்டிக்கொண்டு போன வீடுகளில்கூட, "நீ மட்டும் வா ஏழுமல" என்றார்கள். கை போனதைவிட அதுதான் அவனை வாட்டியது. குழந்தைக்கு விவரம் தெரிகிற வயது. "என் தலமேல அப்பா பொய் சத்தியம் பண்ணாராம்மா?" என்று பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கேட்டது.

இடது கையால் வேலை செய்யப் பழகினான். கத்தரி ஒத்துழைக்கவில்லை. எல்லாக் கத்தரியும் வலது கைக்காரனுக்குச் செய்தது. அதை இடது கையில் பிடித்தால் அலகு தப்பான பக்கம் வந்துவிடும். வெட்டுகிற இடம் கண்ணுக்குத் தெரியாது, மரத்தில் முளை நிற்கும். புதுச்சேரியில் கடை கடையாக ஏறினேன். "கத்தரியில இன்னாய்யா எடது வலது? செருப்பா இது?" என்று சிரித்தான் ஒருவன். கத்தரி விற்கிறவனுக்கே தெரியவில்லை. இரும்பை பக்கத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மா இடது கைக்காரர். அவர் கத்தரி திருப்பிச் செய்தது என்று எப்போதோ கவனித்திருந்தேன். போய்க் கேட்டேன். தன் ஊருக்குப் போனபோது ஒன்று வாங்கி வந்தார். அன்றைக்குச் சேகர் ஈரப் பேப்பரை அடியிலிருந்து நுனி வரை ஒரே வெட்டாக வெட்டினான். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கத்தரி வந்ததற்கு அடுத்த சித்திரையில் அந்த முதலாளியிடமிருந்தே ஆள் வந்தது. வேம்பு மறுபடி வயர்மேல் வந்துவிட்டது, காற்றடித்தால் பொறி பறக்கிறது, நாலு பேரைக் கூப்பிட்டும் எவனும் தொட மாட்டேன் என்கிறான், ஏழுமலையை வரச் சொல்லுங்கள் என்று. போகக் கூடாது என்றேன். சேகர்தான், "போலாம் மச்சான்" என்றான்.

வாசல் கேட்டுக்கு வெளியே நின்றான். உள்ளே வரவில்லை. முதலாளி அவனைப் பார்த்ததும் என்னிடம், "இவன எதுக்குப்பா கூட்டியாந்த?" என்றார்.

"நான்தான் வெட்டப் போறேன்" என்றான் சேகர். "அதுக்கு முன்னால ஒன்னு சொல்லுங்க மொதலாளி. அன்னிக்கு நான் குடிச்சிருந்தனா?"

"அட, அது பழைய கத. இப்ப எதுக்கு?"

"உங்களுக்குப் பழசு. என் பொண்ணு நேத்து கேட்டுச்சு."

முதலாளி மரத்தைப் பார்த்தார். சத்தம் கேட்டு முதலாளி வீட்டு அம்மா வெளியே வந்து கதவோரம் நின்றார். சேகர் அவர் பக்கம் திரும்பினான்.

"நீங்க சொல்லுங்கம்மா. நீங்கதான் பக்கத்துல நின்னு காபி குடுத்தீங்க."

அந்த அம்மா புருஷனைப் பார்த்தார். அப்புறம் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "குடிக்கலப்பா" என்றார். "வாசன ஒன்னும் வரல. எனக்குத் தெரியும்."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "தெரிஞ்சும் இத்தன நாளா ஏம்மா சொல்லல?"

"யாரும் என்னக் கேக்கலியேப்பா."

எதிர் வீட்டு வாசலில் இரண்டு பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பந்தல்காரனும் அந்தத் தெருதான், சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றான். முதலாளி, "சரி, சரி, குடிக்கல. போதுமா? வேலையப் பாருங்க" என்றார். மன்னிப்பு இல்லை, வருத்தம் இல்லை. ஆனால் வாயால் வந்தது. நாலு பேர் கேட்டார்கள். சாயந்திரத்துக்குள் டீக்கடைக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

"லைன நிறுத்துங்க" என்றான் சேகர்.

இந்தத் தடவை முதலாளி எழுதிக் கொடுத்தார், ஆள் வந்தது. கடைசி வீடு என்பதால் அந்த வீட்டுக்குப் போகிற லைனைத் தனியாகப் பிரித்துவிட்டுப் போனார்கள். உள்ளே பேன் நின்றது. பிரிட்ஜ் நின்றது. சித்திரை வெயில், பத்தரை மணி, உப்பளத்துக் காற்று அனல் மாதிரி. முதலாளி பனியன் நனைந்து வெளியே வந்து, நாற்காலி போட்டு, பேப்பரால் விசிறிக்கொண்டு உட்கார்ந்தார். மரத்தடியில்தான் நிழல். அங்கே உட்கார முடியாது, நாங்கள் வெட்டிக்கொண்டிருக்கிறோம்.

ரம்பத்தில் வேலையை முடித்தால் அரை மணி நேரம். சேகர் ரம்பத்தைத் தொடவில்லை. இடது கைக் கத்தரியை எடுத்து, சுண்டு விரல் பருமனில் ஒரு குச்சி. மரத்தைச் சுற்றி வந்து ஒரு பார்வை. அப்புறம் இன்னொரு குச்சி.

"இன்னும் எவ்ளோ நேரம்பா?" என்றார் முதலாளி.

"மரத்துக்கு வலிக்கக் கூடாதுங்க" என்றான் சேகர்.

நான் கீழே நின்று, விழுகிற குச்சிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, நீளம் பார்த்து, மட்டமாக அடுக்கினேன். மூன்று மணிக்கு லைன் கொடுத்தார்கள்.